இடர்க்காலமும் இல்லக் களஞ்சியமும்

நெல் விளையும் ஊரிலே உணவுக்கு முட்டு நேராது என்பது நகரவாசிகள் பலரது எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கிளிநொச்சிக்கு மேற்கே அமைந்த உருத்திரபுரத்தின் அனுபவம் காட்டும். இரணைமடுக் குளத்து நீரால் விளையும் அவ்வூர் வயல்களில், மாசி மாதத்திலே களத்தினின்றே ஈரநெல்லை வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, வைகாசி மாதத்திலே கடைக்குச் சென்று ஐந்து கிலோ அரிசிப் பை வாங்கும் உழவரை இன்று காணலாம். நிலம் உண்டு, நீர் உண்டு, விளைச்சலும் உண்டு, வீட்டில் இருப்பு மட்டும் இல்லை. விளைச்சல் வேறு, இருப்பு வேறு என்னும் இவ்வேறுபாடே ஈண்டு ஆராயப்படுவது.

உருத்திரபுரம் தொன்மை மிக்க ஊர். அங்குள்ள சிவன் கோயிலும், அதன் அயலிலே கண்டெடுக்கப்பட்ட சுடுமட்பாவைகளும் அத்தொன்மைக்குச் சான்றாவன. எனினும் இன்றுள்ள ஊர் குடியேற்றத்தால் உருவானது. இரணைமடுக் குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டு தொடங்கி 1920ஆம் ஆண்டு நிறைவெய்தியது. 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆரம்பமாகிப் பின்னர் படிப்படியாக விரிந்தது. யாழ்ப்பாணத்து நிலமற்ற குடும்பங்கள் காடு வெட்டி வாய்க்கால் ஓரங்களிற் குடியமர்ந்தன. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று, இலங்கை முழுவதும் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் அக்காலத்தில் வீடுதோறும் புகுந்தன. வன்னி நிலத்தைத் திருத்தி நெல் விளைவித்தல் நாட்டின் உணவுத் தேவை என்ற கருத்து வலுப்பெற்றதும் அவ்வாண்டுகளிலேதான். ஆகவே, அயலிலிருந்து வரும் உணவு எந்நேரமும் தடைப்படலாம் என்னும் அச்சம் இவ்வூரின் தோற்றத்தோடு உடன்பிறந்தது எனலாம்.

வன்னியில் உணவு இருப்பைப் பற்றிச் சிந்திப்போர் முதலில் மாதங்களை நோக்குதல் வேண்டும். பெரும்போக நெல் தை, மாசி மாதங்களில் அறுவடையாகும். சிறுபோகமோ குளத்தில் எஞ்சியுள்ள நீரின் அளவுக்கே செய்யப்படுவது. எல்லார்க்கும் எல்லா ஆண்டும் கிட்டுவதன்று. இரணைமடுவின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் பெரும்போகத்தில் விதைக்கப்படினும், சிறுபோகத்தில் அதில் ஒரு பகுதியே நீர் பெறும். எனவே மாசியில் நிறைந்த கூடு ஆடி, ஆவணியில் அரைவாசியாகி, ஐப்பசி, கார்த்திகையில் அடிதட்டும். அம்மாதங்களே வடகீழ்ப் பருவக்காற்று பெருமழையைக் கொணர்வன. புயல் எழுவதும், குளம் வான்பாய்வதும், பாதை அறுவதும் அக்காலத்திலேயே. 2018ஆம் ஆண்டு மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளத்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு விட்டு வெளியேற நேர்ந்ததை ஊரார் மறந்திலர். இருப்பு மிகக் குறைந்திருக்கும் காலமும் இடர் மிக நெருங்கும் காலமும் ஒன்றாய் அமைந்தமையே வன்னியின் தனித்த இக்கட்டாகும். பழைய உழவர் இதனை நன்கறிந்திருந்தனர். அவர் வைத்த சேமிப்பு ஆண்டு முழுவதற்கும் ஆயினும், அதன் நோக்கு கார்த்திகையின் மீதே இருந்தது.

அச்சேமிப்பின் நடுநாயகம் கொம்பறை. நிலத்தினின்று உயர்த்திய மரக்குற்றிகளின்மேல் தடிகளால் பின்னி, உள்ளும் புறமும் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே ஓலை வேய்ந்த நெற்கூடு அது. சிங்களக் கிராமங்களிலும் ‘பிஸ்ஸ’ என்னும் ஒத்த கூடு வழங்கியது. நிலத்து ஈரம் ஏறாமை, எலி ஏறாமை, வெப்பம் உட்புகாமை ஆகிய மூன்றும் அவ்வமைப்பின் பயன்கள். அதனுள் வைக்கப்பட்டது அரிசியன்று, நெல் என்பதையும் கவனித்தல் வேண்டும். உமி என்பது இயற்கை அளித்த உறை. அதனை நீக்கியதும் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கடிக்கத் தொடங்கும். வண்டும் எளிதில் துளைக்கும். தவிடு போகாத குத்தரிசி சில மாதங்களிற் கெட, நன்கு காய்ந்த நெல்லோ ஓராண்டுக்கு மேலும் நிற்கும். வாரத்துக்கு வேண்டிய நெல்லை மட்டும் எடுத்து அவித்துக் குத்திக்கொள்வதே வழக்கமாயிருந்தது.

நன்கு காய்ந்த நெல் என்றதன் பொருள் யாது? நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாத ஈரம் உடையது உணவுக்கு உகந்தது. விதைக்கு 12 பங்கே தக்கது. ஈரமானி இல்லாத காலத்தில் பல்லே ஈரமானி. நெல்மணியைக் கடித்தால் மெல்லாது நறுக்கென முறிய வேண்டும். முன்னாளில் அரிவு வெட்டியபின் கதிரை உப்பட்டியாக வயலிற் காயவிட்டு, பின்பு சூடு வைத்து, வசதிப்பட்ட நாளிற் சூடடித்தனர். நெல் களத்துக்கு வருமுன்னரே பாதி உலர்ந்திருந்தது. இக்காலத்து அறுவடை இயந்திரம் ஒரே நாளில் வெட்டி, அடித்து, தூற்றி மூடையிற் கொட்டிவிடுகிறது. அது செய்யும் உபகாரம் சிறிதன்று. ஆயினும் அம்மூடையிலுள்ள நெல்லில் 20 பங்கு அல்லது அதற்கு மேலும் ஈரம் இருக்கும். அந்நிலையில் இரண்டொரு நாள் கட்டிவைத்தாலே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். காயவிடக் களமும் ஆளும் இல்லாதவிடத்து, வீதியோரத்திற் காத்து நிற்கும் லொறிக்கு விற்றுவிடுதலன்றி உழவனுக்கு வேறு வழி யாது? உழவு கூலி, பசளைக் கடன், இயந்திர வாடகை ஆகியனவும் அந்நாளிலேயே கதவைத் தட்டும். ஆகவே கொம்பறை மறைந்தமைக்கு உழவரின் சோம்பலைக் காரணமாகக் கூறுதல் நீதியாகாது. கடனும் ஈரமும் சேர்ந்தே அதனை அழித்தன.

அங்ஙனமாயினும், வீட்டுக்கென ஒதுக்கவேண்டிய அளவு பலர் அஞ்சுமளவுக்குப் பெரிதன்று. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி எனக் கொண்டால், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கிலோ. நெல்லைக் குத்தினால் நூற்றுக்கு 65 பங்கு அரிசி தேறும் என்பதால், வேண்டும் நெல் 850 கிலோ, அதாவது 40 புசல். நல்ல போகத்தில் ஓர் ஏக்கர் 80 புசல் தரும் நிலத்தில் இஃது அரை ஏக்கர் விளைச்சலே. ஐந்தடி நீளமும் மூன்றரை அடி அகலமும் மூன்றடி உயரமும் உள்ள பெட்டியில் இவ்வளவு நெல்லும் அடங்கும். முழு ஆண்டுக்கும் வைக்க இயலாதோர் ஐப்பசி முதல் தை வரையுள்ள நான்கு மாதங்களுக்கு மட்டும் வைக்க விரும்பின் 14 புசல் போதும். நான்கு ஐந்து மூடைகள். விற்கும் நெல்லோடு ஒப்பிட இது சிறு பகுதியே. இதனைக் காயவிடுவதற்கு ஒரு படங்கும் மூன்று நாள் வெயிலும் இருந்தாற் போதுமானது. கடனைத் தீர்த்தபின் எஞ்சியதை வைப்போம் என்பார்க்கு ஒருபோதும் எஞ்சுவதில்லை. வீட்டு நெல்லை முதலில் அளந்து வைத்தபின்னரே லொறிக்கு நிறுத்தல் வேண்டும்.

பேணுங்காலத்திற் பகையாவன அந்து, வண்டு, எலி என்பன. வேப்பிலையும் நொச்சி இலையும் உலர்த்தி இடையிடையே இடுதல் பண்டை வழக்கம்; அது வண்டினை ஓரளவு விலக்குமேயன்றி முற்றாய் ஒழிக்காது. பயறு, உழுந்து, கௌபி முதலியவற்றுக்குச் சிறிது எண்ணெய் பிசறி வைத்தல் அதனினும் பயன்தருவது. பயற்றில் வண்டு இடும் முட்டை எண்ணெய்ப் படலத்திற் பொரியாது போகும். யாவற்றினும் சிறந்தது காற்றுப் புகாது மூடுதல். விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய பீப்பாவினுள் இருக்கும் வண்டுகள் அங்குள்ள ஒட்சிசனைத் தாமே சுவாசித்துத் தீர்த்து மடியும். மருந்து வேண்டியதில்லை. ஆனால் ஈரநெல்லை இவ்வாறு மூடினாற் கேடு இரட்டிப்பாகும். அரைப்பீப்பா நிரப்பி, நாள்தோறும் திறந்து அள்ளுவதும் பயனற்றது. ஆதலின் பெரிய பீப்பா ஒன்றினும் சிறிய கலங்கள் பல நன்று.

நெல் மட்டுமே சேமிப்பாகாது. ஒரு போகம் பொய்க்குமாயின் நெல்லை மட்டும் நம்பிய வீடு முழுவதும் பொய்க்கும். இவ்விடத்திற் பனையின் பயன் புலனாகும். பூநகரியிலும் தீபகற்பத்திலும் போலவே கிளிநொச்சிப் பகுதியிலும் ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழத்தைப் பிழிந்து பாயில் ஊற்றி வெயிலிற் காயவைத்துப் பனாட்டு ஆக்குவர். எஞ்சிய விதையைப் பாத்தியில் அடுக்கினால் தை, மாசியிற் கிழங்கு. கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். மழையையோ வாய்க்காலையோ பசளையையோ எதிர்பாராது கிடைக்கும் உணவு இஃது. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து வடித்துப் பின்னரே கூழுக்கு இடுவது கசப்பை நீக்குதற்கு என்றே பலரும் கருதியிருந்தனர். பச்சை மாவில் நச்சுத்தன்மை வாய்ந்த பொருள் உண்டென ஆய்வாளர் பிற்காலத்திற் கண்டனர். ஊறவைத்து வடித்தலும் நன்றாக வேகவைத்தலும் அதனைக் குறைப்பன. ஆதலின் பசி மிகுந்த காலத்திலும் அம்முறையைச் சுருக்குதல் தகாது.

குரக்கன் மற்றொன்று. மணி மிகச் சிறிதாதலின் வண்டு அதனை எளிதில் தீண்டாது. நன்கு காய்ந்த குரக்கன் பல்லாண்டு கெடாது நிற்கும். மேட்டு நிலத்தில் சிறிது மழையில் விளையும். ஒருகாலத்தில் ஏழையின் உணவென இகழப்பட்ட குரக்கன் இன்று நீரிழிவு நோயாளரின் உணவென விலை பெற்றுள்ளது. ஊர்ச் சேமிப்புக்கு அது மீள்வதற்கு நோயே காரணமாவது வியப்பே. இவற்றோடு கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைத்த பழம்புளி, பாகல் கத்தரி வற்றல்கள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், குட்டானிற் கட்டிய பனங்கட்டி ஆகியன அடுக்களைப் பரணில் புகைபட்டிருக்கும். உப்பை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனையிறவு உப்பளம் 1990இல் போரினால் நின்றபோதே அதன் அருமை அறியப்பட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதத்திலும், நாற்புறமும் கடல் சூழ்ந்த இந்நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. எத்தனை ஆண்டு வைத்தாலும் கெடாத பொருள் அஃது ஒன்றே. ஐந்து கிலோ வாங்கி வைத்தல் எவருக்கும் இயலும்.

புழுங்கல் அரிசியின் சிறப்பும் குறிப்பிடற்பாலது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து ஒரு பகுதி அரிசியினுள் இறங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோயால் மடிய, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பினர். பிரெடன் என்னும் வைத்தியர் இதனைக் கண்டு எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெச்சர் நடத்திய சோதனை அதனை உறுதிப்படுத்தியது. கறி குறைந்து சோறே உணவாகும் இடர்க்காலத்திற் புழுங்கலின் பயன் மிகும் என்பது சொல்லாமலே போதரும்.

சேமிப்பின் வலிமை 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திற் சோதனைக்கு உள்ளாயிற்று. மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம், யூரியா எனத் தடைப்பட்டவை பல. போத்தலின் அடியிற் பஞ்சு வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கிற் பிள்ளைகள் பாடம் படித்தனர். பனம்பழம் துணி வெளுக்கவும் பயன்பட்டது. தேநீருக்குப் பனங்கட்டி கடித்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தினின்று பெயர்ந்த மக்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, கிளிநொச்சி வீடுகளில் ஓர் உலையிற் பல குடும்பங்கள் உண்டன. ஐவருக்கென்று கணக்கிட்ட நெல் பதினைவருக்குப் பகிரப்பட்ட காலம் அது. இடர்ச் சேமிப்பைக் கணக்கிடுவோர் விருந்தினரை மறப்பதுண்டு. தமிழர் இல்லத்தில் அக்கணக்கு ஒருநாளும் சரிவராது.

2022ஆம் ஆண்டின் இடர் வேறு வகையினது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டமையால் அடுத்த பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. பின்னர் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் அற்று, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. செப்டெம்பரில் உணவு விலையேற்றம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. அவ்வேளை நெல் வைத்திருந்தோர் வேறோர் உண்மையையும் கண்டனர்: மின்சாரமும் டீசலும் இன்றேல் ஆலை ஓடாது, ஆலை ஓடாதாயின் நெல் சோறாகாது. உரலும் உலக்கையும் சுளகும் உள்ள வீடே நெல்லை உணவாக்கிக்கொள்ளும். உரலைக் கவிழ்த்துப் பூச்சாடி வைக்கும் பீடமாக்கிய இல்லங்கள் சிந்திக்கற்பாலன.

வயல் அற்றோர் யாது செய்வது? கூலித் தொழிலாளர்க்கு 14 புசல் நெல் என்பது கனவே. அவர்க்கு உகந்தது பிடியரிசி. ஒவ்வொரு முறை உலையிடும்போதும் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடும் வழக்கம் சைவ உலகுக்குப் புதியதன்று. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு வீடுகளிற் சேர்ந்த பிடியரிசியும் துணையாயிற்று. 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வருத்திய காலத்தில் அவரே கஞ்சித்தொட்டி நிறுவி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். ஒரு பிடி ஏறத்தாழ 30 கிராம். நாளுக்கு இருமுறை எடுப்பின், மாசி தொடங்கிப் புரட்டாசி வரையுள்ள எட்டு மாதங்களில் 14 கிலோ சேரும். ஐவர் குடும்பத்துக்கு ஒன்பது நாள் உணவு. பழைய அரிசியை மாதந்தோறும் உலையிலிட்டுப் புதியதை அதற்குப் பதிலாக வைத்துவரின் வண்டும் பிடியாது.

ஒன்பது நாள் என்பது அற்பமன்று. ஜெர்மனி 2016இல் தன் குடிமக்கள் பத்து நாளுக்கு உணவு வைத்திருக்கவேண்டும் என அறிவுறுத்தியது; சுவீடன் 2018இல் போரும் இடரும் நேரின் செய்யவேண்டுவன பற்றிய கைந்நூலை வீடுதோறும் அனுப்பியது. செல்வம் மிக்க அந்நாடுகளின் அறிவுரையை வன்னிக்கு ஏற்கும்போது ஒரு வேறுபாடு கொள்ளல் வேண்டும். வெள்ளத்தின் முதல் மூன்று நாட்களில் விறகு நனைந்து அடுப்பு எரியாது. ஆகவே சமைக்க வேண்டாத உணவு தனியே இருத்தல் இன்றியமையாதது. அவல், வறுத்த அரிசிமா, பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, புழுக்கொடியல், பனங்கட்டி ஆகியன இதற்கென்றே அமைந்தவை போலும். குடிநீர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றராவது மூடிய கலத்தில் வேண்டும்; வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இட்ட பின்னரே புழங்கலாம். இவை யாவும் நிலத்தில் அன்றி, ஆள் உயரத்துக்கு மேலே இருத்தல் நன்று. நெற்பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைத்து வெள்ளத்தில் இழந்தோர்க்குக் கொம்பறையின் கால்கள் எதற்கென்று விளங்கும்.

இனிக் கூறவேண்டுவது, கொம்பறையாலும் காக்க இயலாத இடர். 1996இல் கிளிநொச்சி மீதான படை நடவடிக்கையின்போது மக்கள் அக்கராயன், கந்தபுரம், மல்லாவி எனப் பெயர்ந்தனர். மீண்டு வந்து பயிர் செய்தோர் 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மீண்டும் பெயர்ந்தனர். நெல் மூடைகளை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக் கிழக்கே சென்றனர். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோர் இடத்திலும் சுமை குறைந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எஞ்சியிருந்தது அரிசியும் நீரும் உப்பும் கலந்த கஞ்சியே. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சி பகிரப்படுவது யாதனால் என்பது இளையோர்க்கும் தெரியும். அசையாச் சேமிப்பு எத்துணைப் பெரிதாயினும், வீட்டை விட்டு ஓடவேண்டிய நாளில் அஃது இல்லாததற்கு ஒப்பு. எனவே கையிற் சுமக்கும் சேமிப்பு ஒன்றை ஒவ்வோர் இல்லமும் வேறாக வைத்திருத்தல் வேண்டும். ஒருவர் சுமக்கத்தக்க பையில் மூன்று நாள் உலர் உணவு, உப்பு, பனங்கட்டி, தீப்பெட்டி, சிறிய பாத்திரம், குழந்தையின் பால்மா, முதியோரின் மருந்து, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியன அடங்கும்.

அப்பையில் விதைநெல்லும் ஒரு பங்கு பெறல் தகும். 2009இன் இறுதியிலும் 2010இலும் மீள்குடியேறியோர் தம் வயலுக்கு வந்தபோது நிலம் இருந்தது, விதை இல்லை. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் முதலியவை கொடுத்த விதைநெல்லைக் கொண்டே முதற் போகம் விதைக்கப்பட்டது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களைக் கைவசம் வைத்திருந்த குடும்பங்கள் மிகச் சில. வீசி விதைப்பின் ஏக்கருக்கு இரண்டு புசல் வேண்டும். அதனைச் சுமந்து ஓடுதல் இயலாது. ஆனால் மடகாசுக்கரில் 1980களில் உருவாகித் தமிழ்நாட்டிலும் பரவிய ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதும். 12 பங்கு ஈரத்துக்குக் காய்ந்த இரண்டு கிலோ விதைநெல்லைப் போத்தல்களில் விளிம்புவரை நிரப்பி, மெழுகால் வாயடைத்து, இனத்தின் பெயரையும் ஆண்டையும் ஒட்டி வைத்தால், அடுத்த போகம் வரை முளைதிறன் கெடாது. ஆண்டுதோறும் புதிர் எடுக்கும் தைப்பூச நாளில் புது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும்போதே இப்போத்தல்களுக்குரிய விதையைத் தெரிந்து, அது காய்ந்ததும் பழையதற்குப் பதிலாக நிரப்பிக்கொள்ளலாம்.